சின்னக் குழந்தையோடு அக்வேரியம் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் அடுக்ககத்தில் யார் வீட்டுப் பிள்ளைக்கு லீவு விட்டாலும், "அக்வேரியம் கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கோம், நீங்கதான் அடிக்கடி போவீங்களே" என்று என்னிடம் வந்து நிற்பார்கள். மகளுக்கு இரண்டு வயதில் ஆரம்பித்தது. இப்போது அவளுக்கு ஐந்து. இதுவரை ஏழு தடவை போயாகிவிட்டது. அதில் பாதி தடவை தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த என் அம்மாவும் கூட வந்தார். மகளுக்கு அவர் ஆச்சி. மாடிப்படியில் நின்றபடி சொல்லிச் சொல்லிப் பழகிய பதில்களைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

எந்த வயதில் கூட்டிப் போகலாம்?

கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு போகலாம், தடையொன்றும் இல்லை. ஆனால் ஒன்றரை வயதுக்குள் என்றால் அது உங்களுக்கான பயணம், குழந்தைக்கானது இல்லை. இரண்டு வயதில் நிறமும் அசைவும் பிடிக்கும். மூன்றிலிருந்து கேள்வி கேட்க ஆரம்பிப்பார்கள். நான்கு வயதில் கேள்வி நிற்காது. செலவுக்குப் பலன் வேண்டும் என்று நினைப்பவர்கள் மூன்று முடியும்வரை காத்திருக்கலாம். இரண்டு வயதில் நாங்கள் போனபோது மகள் அதிக நேரம் பார்த்தது சுறாவை இல்லை, தொட்டியின் அடியிலிருந்து கிளம்பி மேலே போன காற்றுக்குமிழிகளை. அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் எங்கே இருக்கிறது?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் (ஈ.சி.ஆர்.) ஈஞ்சம்பாக்கத்தில் வி.ஜி.பி. மரைன் கிங்டம் இருக்கிறது. 2019-இல் திறந்தது. தண்ணீருக்குள் நடந்து போவது போன்ற சுரங்கம் அங்கே உண்டு. இன்னும் தெற்கே போனால் மாமல்லபுரத்தில் சிப்பி அருங்காட்சியகத்தோடு சேர்ந்து ஒரு மீன்காட்சியகம். ராமேஸ்வரம் போகிறவர்கள் வழியில் மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் காட்சியகத்தையும் கேட்டுப் பார்க்கலாம். பெரிய ஆடம்பரம் இருக்காது, ஆனால் மன்னார் வளைகுடா பக்கத்திலேயே இருக்கிறது. கோலாலம்பூரில் சொந்தக்காரர்கள் இருந்தால் இரட்டைக் கோபுரம் பக்கத்திலேயே அக்வேரியா கே.எல்.சி.சி. சிங்கப்பூரில் செந்தோசாவில் 2012-இல் திறந்த எஸ்.இ.ஏ. அக்வேரியம், 2025-இல் விரிவாக்கிய பிறகு சிங்கப்பூர் ஓஷனேரியம் என்ற பெயரில் இயங்குகிறது.

ஊருக்கு இது புதுசு என்று நினைக்க வேண்டாம். மெரினா கடற்கரையில் 1909-லேயே பொதுமக்கள் பார்க்கக் கடல்மீன் காட்சிச்சாலை இருந்தது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சி அது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடினார்கள். அப்போது அங்கே போன பிள்ளைகளும் "இதைச் சாப்பிடலாமா?" என்றுதான் கேட்டிருப்பார்கள்.

எந்த நாள், எந்த நேரம் நல்லது?

வேலைநாள் மதியம். மே மாத லீவு, காணும் பொங்கல், ஞாயிறு மாலை மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு தவிர்த்துவிடுங்கள். வேலைநாள் காலை என்றால் காலியாக இருக்கும் என்று நானும் நம்பி ஒருமுறை போனேன். மூன்று பள்ளிப் பேருந்துகள் வாசலில் நின்றன. உள்ளே வரிசையாக ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு பிள்ளைகள். ஒரு மணிக்கு மேல் அவர்கள் சாப்பிடக் கிளம்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு மொத்த இடமும் எங்களுடையது.

ஆனால் உங்கள் குழந்தை மதியம் தூங்குகிற குழந்தையா? அப்படியென்றால் மேலே சொன்னதை மறந்துவிட்டு, திறந்தவுடன் போய்விடுங்கள். தூக்கக் கலக்கத்தில் இருக்கும் மூன்று வயதுக்கு நீலத் திமிங்கிலத்தைக் காட்டினாலும் அழுகைதான்.

டிக்கெட்?

குழந்தைக்கு இலவசமா, அரை டிக்கெட்டா என்பதைச் சில இடங்களில் வயதை வைத்தும், சில இடங்களில் உயரத்தை வைத்தும் முடிவு செய்வார்கள். கிளம்பும் முன் அவர்களுடைய இணையதளத்தைப் பாருங்கள். மூன்று வருடத்துக்கு முன் போன மச்சான் சொன்ன விலையை நம்ப வேண்டாம்.

எவ்வளவு நேரம் ஆகும்? எல்லாவற்றையும் பார்த்துவிட முடியுமா?

பெரியவர்கள் மட்டும் என்றால் ஒன்றரை மணி நேரம். குழந்தையோடு என்றாலும் அதேதான். ஆனால் அந்த ஒன்றரை மணியில் பாதி இடத்தைத்தான் பார்த்திருப்பீர்கள். பரவாயில்லை, விடுங்கள்.

நான் சொல்ல வேண்டியது உண்மையில் இந்த ஒன்றுதான், மற்றதெல்லாம் உபரி. குழந்தை எந்தத் தொட்டி முன்னால் நிற்கிறதோ அங்கேயே நில்லுங்கள். "வா வா, அங்க பெரிய சுறா இருக்கு" என்று கையைப் பிடித்து இழுக்காதீர்கள். நாலாவது தடவை போனபோது ஒரு சின்னத் தொட்டி முன்னால் மகள் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே மணலைத் தவிர ஒன்றுமே தெரியவில்லை. என் கணவர் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து நிமிடம் கழித்து மணலில் ஒரு குழியிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு தலை எழுந்தது. அப்புறம் பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் பத்துப் பதினைந்து. மணலுக்குள் வாலைப் புதைத்துக்கொண்டு, உடம்பின் மேல் பாதியை மட்டும் நீட்டி, எல்லாம் ஒரே பக்கம் பார்த்து ஆடுகின்ற தோட்ட விலாங்குகள். யாராவது வேகமாக நடந்து வந்தால் அத்தனையும் உள்ளே போய்விடும். அசையாமல் உட்கார்ந்திருந்தவளுக்குத்தான் அவை காட்சி கொடுத்தன. எங்களைத் தாண்டிப் போன கூட்டம் "இந்தத் தொட்டி காலி" என்று சொல்லிக்கொண்டே போனது.

இன்னொன்று: நீங்களும் முட்டி போட்டு உட்கார்ந்து பாருங்கள். குழந்தை உயரத்தில் தெரிவது வேறு தொட்டி. நண்டும் நட்சத்திர மீனும் கீழேதான் இருக்கும். நாம் மேலே நீந்துவதையே பார்த்துக்கொண்டிருப்போம்.

உள்ளே இருட்டாக இருக்குமாமே, பயப்படுவாளா?

சில பிள்ளைகள் பயப்படுவார்கள். நாம் நிற்கும் பக்கத்தை வேண்டுமென்றேதான் இருட்டாக வைக்கிறார்கள். இரவில் பஸ்ஸுக்குள் விளக்கு எரிந்தால் ஜன்னலில் நம் முகம்தானே தெரியும், விளக்கை அணைத்தால்தானே வெளியே தெரியும்? அதே கதை. இதை முந்தின நாளே வீட்டில் டார்ச்சை வைத்துக் காட்டிவிடலாம். விளையாட்டாகவும் இருக்கும்.

போனதும் நுழைவாயில் பக்கத்தில் இரண்டு நிமிடம் நின்று கண் பழகட்டும். முதலில் இடுப்பில் தூக்கிக்கொள்ளுங்கள். தானாக இறங்கும்போது இறங்கட்டும். முக்கியமாக, கூட வரும் சித்தப்பா மாமாக்களிடம் "சுறா வருது பார், கடிச்சிரும்" விளையாட்டு வேண்டாம் என்று காரிலேயே சொல்லிவிடுங்கள். அவர்களுக்கு அது ஒரு நிமிடச் சிரிப்பு. உங்களுக்கு ஒரு வாரம் ராத்திரி விழிப்பு.

தள்ளுவண்டி கொண்டு போகலாமா?

கூட்டம் இல்லாத நாளில் வசதி. கூட்ட நாளில் தொல்லை. தள்ளுவண்டியில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு முன்னால் நிற்பவர்களின் முழங்கால்தான் தெரியும்.

என்னென்ன எடுத்துக்கொள்ள வேண்டும்?

ஒரு மெல்லிய சட்டை அல்லது ஸ்வெட்டர். வெளியே நாற்பது டிகிரி வெயிலாக இருந்தாலும் உள்ளே ஏசி குளிரும். மாற்று ஜட்டி இரண்டு. ஏசிக் குளிரும் தண்ணீர்ச் சத்தமும் சேர்ந்தால் உச்சா தானாக வரும், நுழைவதற்கு முன் ஒருமுறை கூட்டிப் போய்விடுங்கள். சாப்பாட்டை வெளியிலேயே முடித்துவிட்டுப் போவது உத்தமம். உள்ளே மீன் தொட்டிக்குப் பக்கத்தில் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிக்காதீர்கள். திறந்த குளங்களில் பிள்ளைகள் அன்பாக ஒரு சிப்ஸைப் போட்டுவிடுவார்கள், அந்த மீனுக்கு அது நல்லதில்லை.

கண்ணாடியைத் தட்டினால் என்ன? மீன் திரும்பிப் பார்க்கிறதே?

திரும்பிப் பார்ப்பது ஆசையில் இல்லை, அதிர்ச்சியில். காற்றில் போவதைவிட நாலு மடங்குக்கு மேல் வேகமாக ஒலி தண்ணீரில் போகும். மீனுக்குக் காது போக, உடம்பின் இரண்டு பக்கமும் நீளமாக ஒரு கோடு இருக்கும்; தண்ணீரில் எழும் சின்ன அசைவையும் அழுத்தத்தையும் அதுவே உணர்ந்துகொள்ளும். நாம் படுத்திருக்கும் அறையின் கதவை யாரோ நாள் முழுக்கத் தட்டுவது போலத்தான். மகளிடம் "ஆச்சி தூங்கும்போது கதவைத் தட்டுவோமா?" என்று கேட்டேன், புரிந்துவிட்டது.

பெரிய தொட்டிகளில் இருப்பது பெரும்பாலும் கண்ணாடியும் இல்லை, அக்ரிலிக். கண்ணாடியைவிட எடை குறைவு, எளிதில் உடையாது, தேவையான தடிமனுக்கு ஒட்டி ஒட்டி வளர்க்கலாம், வளைக்கலாம். ஒரே குறை, சட்டென்று கீறல் விழும். வளையல், மோதிரம், சாவிக்கொத்து, பிள்ளை கையிலிருக்கும் பொம்மைக் கார் எல்லாம் கவனம்.

சுரங்கத்தில் தலைக்கு மேல் அத்தனை தண்ணீர் நிற்கிறதே, உடையாதா?

என் கணவருக்கும் இந்தச் சந்தேகம். அதற்காகக் கணக்குப் போட்டுத்தான் அந்தத் தடிமனில் செய்கிறார்கள். அப்புறம் ஒரு விஷயம்: தட்டையான பலகை வழியாகப் பார்த்தால் மீன் அசல் அளவைவிடப் பெரிதாகவும் கிட்டத்திலும் தெரியும். வளைந்த சுரங்கத்துக்குள் நின்று பார்த்தால் அதே மீன் சின்னதாகத் தெரியும். இரண்டுமே ஒளி விலகல் செய்யும் வேலை. முடிந்தால் ஒரே சுறாவை இரண்டு இடத்திலும் காட்டிக் கேளுங்கள், "அண்ணனும் தம்பியுமா?" என்பார்கள்.

சுறா ஏன் மற்ற மீன்களைத் தின்னவில்லை?

வயிறு நிறைந்திருப்பதால். நேரத்துக்குத் தீனி கிடைக்கும்போது துரத்தி வேட்டையாடுவது வீண் வேலை. சுறாவுக்கு நம்மைப் போல மூன்று வேளைப் பசியும் கிடையாது. ஆனாலும் எப்போதாவது ஒன்றைக் காணாமல் போகச் செய்துவிடும், அதைக் குழந்தையிடம் சொல்ல வேண்டியதில்லை.

குழந்தை கேட்கும் கேள்விகளுக்கு எனக்கே பதில் தெரியவில்லை. என்ன செய்வது?

எனக்கு வந்தவற்றைச் சொல்கிறேன், உங்களுக்கும் இதேதான் வரும்.

"அது ஏன் கண்ண மூடல?" பெரும்பாலான மீன்களுக்கு இமை கிடையாது. கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும். கிளிமீனில் சில வகைகள் ராத்திரியில் வாயிலிருந்து வழுவழுப்பாக ஒரு உறை விட்டு, அதற்குள் கொசுவலைக்குள் படுப்பது போலப் படுத்துக்கொள்ளும்.

"அது செத்துப் போச்சா?" தரையில் அசையாமல் கிடக்கும் சுறாவைப் பார்த்துக் கேட்பார்கள். எல்லாச் சுறாவும் நீந்திக்கொண்டே இருக்க வேண்டும் என்பது பாதி உண்மை. தரையில் படுத்துக்கொண்டு, வாயால் தண்ணீரை இழுத்துச் செவுளில் விட்டு மூச்சு விடும் சுறா வகைகளும் உண்டு. தலைக்குப் பக்கவாட்டில் செவுள் திறந்து மூடுகிறதா என்று தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். கிடைத்ததும் கத்துவார்கள்.

"மீன் உச்சா போகுமா?" போகும். ஆற்று மீன் நிறையப் போகும், ஏனென்றால் தண்ணீர் தானாக அதன் உடம்புக்குள் ஊறிக்கொண்டே இருக்கும். கடல் மீன் கொஞ்சம்தான், உப்புத் தண்ணீரில் அதற்குத்தான் தாகம். இந்தப் பதிலைச் சொன்ன நாளிலிருந்து வீட்டில் எனக்கு மரியாதை கூடியது.

"நெமோவோட அம்மா எங்க?" கார்ட்டூன் படத்தில் வரும் நெமோ ஒரு கோமாளி மீன். கோமாளி மீன்களில் கூட்டத்திலேயே பெரியதுதான் அம்மா. அது செத்துவிட்டால் அடுத்துப் பெரிதாக இருக்கும் ஆண் மீன் பெண்ணாக மாறிவிடும். நான் இதைச் சொல்லவா வேண்டாமா என்று யோசித்தேன். சொன்னேன். மகள் "சரி" என்று அடுத்த தொட்டிக்குப் போய்விட்டாள். குழப்பமெல்லாம் நமக்குத்தான்.

கடல்குதிரையில் குட்டிகளை வயிற்றுப் பையில் சுமப்பது அப்பா. சொறி மீனுக்கு, அதாவது ஜெல்லி ஃபிஷ்ஷுக்கு, மூளையும் இல்லை, இதயமும் இல்லை, எலும்பும் இல்லை. கிட்டத்தட்ட எல்லாமே தண்ணீர். அதன் தொட்டி வட்டமாக இருப்பதைக் கவனித்தீர்களா? மூலை இருந்தால் அதில் போய்ச் சிக்கிக் கிழிந்துவிடும். அதனால் தண்ணீரைச் சுழலவிட்டு மிதக்க வைக்கிறார்கள். அமேசான் ஆற்றின் அரபைமா இருக்கிற இடமென்றால் அங்கே காத்திருங்கள். ஆள் உயரத்துக்கு மேல் வளரும் மீன், பத்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்து வாயால் காற்றை விழுங்கிவிட்டுப் போகும். அந்தச் சத்தம் கேட்டுப் பிள்ளைகள் ஒரு அடி பின்னால் போவார்கள்.

மற்றதற்கெல்லாம் "தெரியல, அந்த அண்ணனைக் கேப்போம்" என்று அங்கே நிற்கும் ஊழியரிடம் கூட்டிப் போங்கள். நாள் முழுக்க "தட்டாதீங்க, தட்டாதீங்க" என்றே சொல்லி அலுத்தவர்கள். யாராவது கேள்வி கேட்டால் முகம் மலர்ந்து சொல்வார்கள்.

பலகையில் எல்லாம் இங்கிலீஷ் பெயராக இருக்கிறதே?

இங்கேதான் ஆச்சி எங்களுக்கு உதவினார். முதல் தடவை "க்ரூப்பர்" என்று போட்டிருந்த தொட்டி முன்னால் நான் பலகையை எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தேன். அம்மா பலகையைப் பார்க்கவே இல்லை. மீனைப் பார்த்தார். "ஏட்டி, இது களவால்லா? கிலோ என்ன வெல விக்கு தெரியுமா!" என்று மகளிடம் சொன்னார். அடுத்த தொட்டியில் பாறைக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டியது மோரே ஈல் என்று எழுதியிருந்தது. ஆச்சிக்கு அது அஞ்சாலை, வலையில் வந்தால் கையை எடுத்துவிட வேண்டிய ஆள். ட்ரிகர் ஃபிஷ் கிளாத்தி. பஃபர் ஃபிஷ் பேத்தை, அதைக் கரையில் போட்டால் வயிறு உப்பிக்கொண்டு கிடக்குமாம். பாராகுடா ஊளி. ட்ரெவல்லி பாறை மீன். ரே என்பது திருக்கை, பால் கொடுக்கும் தாய்மாருக்கு நல்லது என்று பூண்டு போட்டுக் குழம்பு வைப்பார்களே, அதே திருக்கை. ஜெல்லி ஃபிஷ் சொறி, கடலில் குளிக்கும்போது உடம்பில் பட்டால் ஏன் அந்தப் பெயர் என்று தெரியும்.

மகளுக்கு அந்தப் பெயர்கள் பிடித்துவிட்டன. இப்போது "அஞ்சாலை எங்க?" என்று கேட்டுத்தான் உள்ளே நுழைகிறாள். உங்கள் வீட்டில் கடற்கரை ஊர்ப் பெரியவர் யாராவது இருந்தால் தயவுசெய்து அவரை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். டிக்கெட் காசு வீண் என்று சொல்வார், விடாதீர்கள். ஊருக்கு ஊர் பெயர் மாறும். நாகப்பட்டினத்துக்காரரும் தூத்துக்குடிக்காரரும் ஒரே தொட்டி முன்னால் நின்றால் ஒரு நல்ல சண்டையும் கிடைக்கும்.

தொட்டுப் பார்க்கும் குளத்தில் கை விடலாமா?

அப்படி ஒன்று இருந்தால், ஊழியர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். கையில் லோஷனோ சானிடைசரோ இருக்கக் கூடாது; வெறும் தண்ணீரில் கழுவிவிட்டு விடுங்கள். பிடித்துத் தூக்கக் கூடாது, இரண்டு விரலால் மெதுவாகத் தடவலாம். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவும்வரை விரல் வாய்க்குப் போகாமல் பார்த்துக்கொள்வது உங்கள் வேலை. விரல் சூப்பும் குழந்தை என்றால் குளத்துக்கே போகாமல் தாண்டிவிடுங்கள்.

போட்டோ எடுக்கலாமா?

ஃபிளாஷை அணைத்துவிட்டு எடுக்கலாம். இமையில்லாத கண்ணில் பளீரென்று அடிப்பது ஒரு பக்கம். உங்கள் படத்திலும் வெள்ளை வட்டம்தான் விழும். போனைத் தொட்டியோடு ஒட்டிப் பிடித்தால் பிரதிபலிப்பு வராது. நாலு படம் எடுத்துவிட்டு உள்ளே வையுங்கள்.

கூட்டத்தில் குழந்தை தொலைந்துவிட்டால்?

எங்களுக்கு நடந்தது, அதனால் சொல்கிறேன். சுரங்கத்தில் நான் மேலே திருக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் என் துப்பட்டா நுனியைப் பிடித்திருந்தாள். ஒரு நிமிடம் கழித்துக் குனிந்தால் ஆளில்லை. பத்தடி தள்ளி, என்னைப் போலவே சிவப்பு சுடிதார் போட்ட வேறொரு பெண்ணின் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு, மேலே பார்த்தபடியே நடந்துகொண்டிருக்கிறாள். அந்தப் பெண்ணுக்கும் தெரியவில்லை, இவளுக்கும் தெரியவில்லை. இருட்டில் குழந்தைக்கு நம் முகம் தெரியாது, துணிதான் தெரியும்.

அதிலிருந்து சுரங்கத்தில் கையைக் கையால் பிடிப்பது என்று சட்டம். குழந்தைக்கு வெளிர் மஞ்சள், வெள்ளை மாதிரி உடை. கையில் பேனாவால் என் போன் நம்பர். "அம்மாவைக் காணோம்னா நடக்காத, நின்ன இடத்துலயே நில்லு" என்று போகும் வழியில் மூன்று முறை சொல்லிவிடுவோம்.

மீன்களை இப்படி அடைத்து வைப்பது சரியா? குழந்தைக்கு எதைக் கற்றுத் தருகிறோம்?

நேர்மையான கேள்வி. எனக்கு இதில் முழு நிம்மதி இல்லை. கடலில் கிலோமீட்டர் கணக்கில் அலையும் மீனுக்கு எந்தத் தொட்டியும் போதாது. டால்பின்களை அடைத்து வித்தை காட்டும் காட்சிச்சாலைகளுக்கு இந்தியாவில் 2013-இல் அனுமதி மறுத்தார்கள், அது சரியான முடிவு. பவழப்பாறைச் சின்ன மீன்கள் விஷயம் வேறு. கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைக்க முடிகிறது, நம் ஊர் ஆராய்ச்சி நிலையங்களும் செய்கின்றன. எந்த உயிர் எங்கிருந்து வந்தது, இங்கே பிறந்ததா பிடித்து வந்ததா என்று ஊழியரிடம் நான் கேட்பேன். தயங்காமல் பதில் வருகிற இடத்துக்கு மறுபடி போவேன். கடல்குதிரையையும் கடல் அட்டையையும் 2001-இல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். புலியைப் போல அவற்றையும் பிடிக்கக் கூடாது என்று மகளிடம் சொன்னேன். கடல்குதிரையும் புலியும் ஒன்றா என்று அவளுக்கு ஒரே சிரிப்பு.

செலவில்லாமல் வேறு வழி உண்டா?

உண்டு. காலையில் காசிமேட்டுக்கோ பக்கத்து மீன் மார்க்கெட்டுக்கோ கூட்டிப் போங்கள். பழைய செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். கோடையின் தொடக்கத்தில் பங்குனி ஆமைக் குஞ்சுகளைப் பெசன்ட் நகர்ப் பக்கம் மாலை நேரத்தில் கடலில் விடுவார்கள். மாணவர்கள் நடத்தும் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு 1988 முதல் இந்தக் கரையில் முட்டைகளைத் தேடி எடுத்துக் காக்கிறது. முட்டை தேடும் நடை நள்ளிரவில், சின்னப் பிள்ளைக்கு ஆகாது. குஞ்சு விடுவதைப் பார்க்கலாம். உள்ளங்கை அளவுகூட இல்லாத ஒன்று, அலை தள்ளித் திருப்பிவிட்டாலும் மறுபடி கடலை நோக்கியே போகும்.

திரும்பி வந்ததும் மீன் வளர்க்க வேண்டும் என்று அடம் பிடிக்கிறான்!

அன்றைக்கே கொளத்தூருக்கு வண்டியைத் திருப்பாதீர்கள். அங்கே தெரு நெடுக வண்ண மீன் கடைகள், வெறுங்கையோடு திரும்ப முடியாது. குறிப்பாக உருண்டைக் கண்ணாடிக் குடுவையும் இரண்டு தங்க மீனும் வேண்டாம். தங்க மீன் ஒரு சாண் வளரக்கூடிய மீன். குடுவையில் தன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவிலேயே மூச்சுத் திணறிச் சாகும். நிஜமாகவே வளர்ப்பதென்றால் நாற்பது, ஐம்பது லிட்டர் தொட்டி, ஃபில்டர். மீன் விடுவதற்குச் சில வாரம் முன்பே தொட்டியை ஓடவிட்டால்தான் கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் வளரும். அப்புறம் கப்பி என்கிற சின்ன மீன் நாலைந்து. அந்தச் சில வாரத்தில் ஆசை போய்விட்டால் லாபம்தானே.

போய் வந்த பிறகு மீன் சாப்பிட மாட்டேன் என்கிறாள். என்ன செய்ய?

எங்கள் வீட்டில் மூன்று வாரம் நடந்தது. நான் முதலில் கெஞ்சினேன், பிறகு நெத்திலியைத் தோசைக்குள் ஒளித்துப் பார்த்தேன், பிடிபட்டேன். ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள் சங்கரா வாங்கி வந்து, அருவாமனை முன்னால் உட்கார்ந்து, மகளையும் பக்கத்தில் உட்கார வைத்தார். செவுளைத் தூக்கிக் காட்டினார். உள்ளே சிவப்பாக இருந்தால் புதுசு. பக்கவாட்டுக் கோட்டை விரலால் தடவிக் காட்டினார். மகள் அதன் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது தூங்கலல்ல ஆச்சி?" என்று கேட்டாள். "இல்லட்டி, இது செத்துட்டு" என்றார் அம்மா. அவ்வளவுதான் பேச்சு.

அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. நாலு நாள் கழித்துச் சாப்பிட்டாள். இப்போதும் சாப்பிடுகிறாள், ஆனால் தட்டில் வைத்ததும் "இது என்ன மீன்?" என்று கேட்பாள். மீன் என்று பொதுவாகச் சொன்னால் செல்லாது. வஞ்சிரமா, பாறையா, விளமீனா என்று பெயரைச் சொன்னால்தான் வாய் திறக்கிறாள்.